அவள் பேரில் ஒரு வீடு

குற்றாலம் என்றதும் உங்களுக்கு எந்த மாதம் ஞாபகத்துக்கு வருகிறது? நிச்சயம் ஆனி, ஆடிதான். சாரல், ஐந்தருவி, தலையில் எண்ணெயை வைத்து அறைந்து தேய்த்துவிடும் ஆட்கள், குளித்து முடித்த பசிக்கு நாட்டுக்கோழியும் பரோட்டாவும். ஜூனில் ஆரம்பித்து ஆகஸ்ட்டோடு முடிந்துபோகும் அந்த சீசன் வெளியூர்க்காரர்களுக்கு. அந்த மூன்று மாதமும் தென்காசிக்காரர்கள் தங்கள் ஊரை நமக்கு வாடகைக்கு விட்டுவிடுகிறார்கள் என்றே சொல்லலாம்.

தங்களுக்கென்று அவர்கள் வைத்துக்கொண்டிருப்பது மார்கழியையும் தையையும்.

டெல்லிக்காரரிடம் போய் 'தென்காசியில் குளிர்காலம்' என்று சொன்னால் சிரிப்பார். சிரிக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த பிறகு, விடிகாலையில் மலையிலிருந்து ஒரு காற்று இறங்கும் பாருங்கள், ஓட்டுவீட்டுக்குள் படுத்திருக்கிற தாத்தாவைப் போர்வைக்குள் இன்னொரு போர்வை தேட வைக்கும். மெயின் அருவியில் கறுப்பு வேட்டி ஐயப்ப பக்தர்கள் சரணம் சொல்லிக்கொண்டு குளிப்பார்கள். குளித்துவிட்டு செங்கோட்டை, புளியரை வழியாக மலையேறிப் போவார்கள். திருவாதிரையன்று குற்றாலம் சித்திரசபையில் தாண்டவ தீபாராதனை நடக்கும். நடராஜரின் ஐந்து சபைகளில் இங்கே மட்டும் அவர் சிலையாக இல்லை. சுவரில் தீட்டிய ஓவியமாக ஆடிக்கொண்டிருக்கிறார்.

இதெல்லாம் வீட்டுக்கு வெளியே. இந்த வாரம் நான் சொல்ல வந்தது, அதே மாதத்தில் வீட்டு முற்றத்தில் நடக்கும் ஒரு கட்டட வேலையைப் பற்றி. என்ஜினீயர் கிடையாது. பிளான் அப்ரூவல் கிடையாது. வீடு கட்டுகிறவருக்கு வயது எட்டு இருக்கும், மிஞ்சிப்போனால் பன்னிரண்டு. அந்த வீட்டுக்குப் பெயர் சிறுவீடு.

நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்து வாசகர்கள் இந்நேரம் புன்னகைத்திருப்பார்கள். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

மார்கழி பிறந்ததும் வேலை ஆரம்பம். இருட்டு பிரியும் முன்பே வாசல் பெருக்கி, சாணி தெளித்து, கோலம் போட்டாக வேண்டும். கோலத்தின் நடுவில் சாணியை உருண்டை பிடித்து வைத்து, அதன் தலையில் ஒரு பூசணிப்பூவைச் செருகுவார்கள். இதுவரைக்கும் தமிழ்நாடு முழுக்க உள்ளதுதான். நெல்லைச் சீமைப் பெண்கள் இதோடு நிறுத்துவதில்லை. வெயில் ஏறியதும் அந்த உருண்டையைப் பூவோடு சேர்த்துத் தட்டையாகத் தட்டிக் காயவைத்து எடுத்து வைப்பார்கள். தினமும் இப்படி. மார்கழிக்கு 29 நாள், சில வருடம் 30. மாதம் முடியும்போது பூ பதிந்த குட்டி வறட்டிகள் ஒரு கூடை நிறையச் சேர்ந்திருக்கும். உலர்ந்த பூவின் மஞ்சள் மங்கிப்போய், பழைய புத்தகத்துக்குள் வைத்த இலை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும்.

(ஒரு உபரித் தகவல். பூசணிக் கொடியில் ஆண்பூதான் அதிகம். அதைப் பறிப்பதால் காய்க்கு நஷ்டம் இல்லை. நம் பாட்டிமார்கள் தாவரவியல் படிக்காமலேயே கணக்காகத்தான் இருந்திருக்கிறார்கள்.)

வீடு எப்போது கட்டுவது என்பது குடும்ப வழக்கத்தைப் பொறுத்தது. சில வீடுகளில் மார்கழியிலேயே தொடங்கிவிடுவார்கள். சில வீடுகளில் பொங்கல் நெருங்கும்போதுதான். முற்றத்திலோ வாசலிலோ களிமண்ணைக் குழைத்து, விரல் உயரத்துக்கோ முழ உயரத்துக்கோ சுவர் எழுப்புவார்கள். தலைவாசல் உண்டு. கூடம் உண்டு. அடுக்களை கட்டாயம் உண்டு. அடுக்களை இல்லாவிட்டால் பொங்கல் எங்கே வைப்பது? சுவருக்குச் சுண்ணாம்பு, அடியில் காவிப்பட்டை, தரைக்குச் சாணி மெழுக்கு, அதன்மேல் கோலம். அம்மாவோ ஆச்சியோ மேற்பார்வை. தம்பிகள் மண் சுமக்கலாம், தண்ணீர் கொண்டு வரலாம். அதற்கு மேல் அவர்களுக்கு அங்கே ஜோலி கிடையாது. வீட்டுக்காரி தங்கச்சிதான்.

அந்த மாதத்தில் வீட்டுக்குள் சும்மா இருக்கிற கை ஒன்றுகூட இருக்காது. சிறுகிழங்கு சந்தைக்கு வந்திருக்கும். தெரியாதவர்களுக்கு: கோலிக்குண்டிலிருந்து எலுமிச்சை வரை பல சைசில், மண்வாசனையோடு வரும் குளிர்காலக் கிழங்கு. ருசி அபாரம், ஆனால் தோலை எடுப்பதற்குள் உயிர் போய்விடும். சாக்கில் போட்டு உருட்டித் தேய்ப்பார்கள், சொரசொரப்பான தரையில் உரசுவார்கள். குடும்பமே சுற்றி உட்கார்ந்து செய்கிற வேலை அது. விரலெல்லாம் கறுத்துப்போகும். பக்கத்தில் பனங்கிழங்கு வெந்துகொண்டிருக்கும். திண்ணையில் ஒரு அத்தையோ மதினியோ மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருப்பார். இலையை நனைத்து, அளவு பார்த்து நறுக்கி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி... கண் எங்கோ இருக்கும், கை தன்பாட்டுக்கு ஓடும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவர்களையும் தொழிலாளர் என்று ஒப்புக்கொண்ட சட்டம் 1966-ல் வந்தது. தென்காசி வட்டாரக் கிராமங்களில் எத்தனையோ குடும்பங்கள் இந்தச் சுளகை நம்பித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தன.

கோலம் போட்ட அதே விரல், வறட்டி தட்டிய அதே விரல், பீடி சுற்றிய அதே விரல். இதில் ஒன்றுக்குத்தான் கூலி உண்டு என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

தைப்பொங்கல் கழிந்த பிறகு, தை மாதத்துக்குள் ஒரு நாள் சிறுவீட்டுப் பொங்கல். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு நாள் மாறும். தைப்பூசத்தை ஒட்டி வைப்பவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பார்த்து வைப்பவர்கள் உண்டு. சிறுவீட்டின் முன்னால் அடுப்பு மூட்டி, சின்னப் பானையில் பொங்கல் வைத்து, வாழையிலையில் படைப்பார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரிக்குப் புதுப் பாவாடை. பெண்கள் குலவையிடுவார்கள், கும்மியடிப்பார்கள். அப்புறம் அந்தப் பூ வறட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவார்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, இது வெறும் பிள்ளை விளையாட்டு, இதில் என்ன சரித்திரம் இருக்கிறது என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துச் சரித்திரம்.

சங்க இலக்கியத்தில் இதற்குப் பெயர் சிற்றில். சிறுமை கூட்டல் இல். அதாவது சிறுவீடேதான். பெண்பிள்ளைகள் மணலில் சிற்றில் கட்டுவார்கள், அதில் சிறுசோறு ஆக்குவார்கள். கலித்தொகையில் குறிஞ்சிக்கலி பாடிய கபிலர் ஒரு குறும்புக்காரப் பையனைக் காட்டுகிறார். நாம் தெருவில் கட்டிய மணல்வீட்டைக் காலால் உதைத்துக் கலைத்தானே, தலையில் சூடிய பூவைப் பிய்த்தானே, பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினானே, அவன்தான் இப்போது பெரியவனாகி வீட்டு வாசலில் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்கிறான் என்று ஒரு பெண் தோழியிடம் சொல்கிறாள். தண்ணீர் கொடுக்கப் போனால் கையைப் பிடிக்கிறான். அவள் கத்த, அம்மா ஓடி வர, 'விக்கிக்கொண்டான்' என்று பொய் சொல்லி அவனைக் காப்பாற்றுவதும் அவளேதான். தமிழ் சினிமா இன்னும் இதைத் தாண்டவில்லை.

தென்காசியிலிருந்து மதுரை ரோட்டில் போனால் வருகிற ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாவது பதிகம் முழுக்கவே சிற்றில்தான். கஷ்டப்பட்டுக் கட்டிய எங்கள் குட்டி வீட்டை வந்து சிதைத்துவிடாதே என்று பெண்பிள்ளைகள் கண்ணனிடம் கெஞ்சுகிறார்கள். அங்கே வருவது மார்கழி அல்ல, பங்குனி. மாதம் வேறு. கட்டுகிறவர்களும் கவலையும் ஒன்றுதான்.

அதற்குப் பிறகு வந்த புலவர்கள் இதை ஒரு இலக்கணமாகவே ஆக்கிவிட்டார்கள். பிள்ளைத்தமிழ் என்று ஒரு வகை நூல் இருக்கிறது இல்லையா? பத்துப் பருவம். அதில் ஆண்பிள்ளைக்கு என்று ஒதுக்கிய கடைசி மூன்று பருவங்களில் ஒன்று சிற்றில். பகழிக்கூத்தரின் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழைப் புரட்டினால், பிள்ளை முருகனிடம் சிற்றிலைச் சிதைக்காதே என்று சிறுமிகள் கேட்கும் பகுதி வரும். தெய்வமாகவே இருந்தாலும் ஆண்பிள்ளை என்றால் வீட்டை உதைப்பான், பெண்பிள்ளை என்றால் கட்டிவிட்டுக் கெஞ்சுவாள் என்று நம் புலவர்கள் முடிவே செய்துவிட்டார்கள்.

இங்கே ஒரு விஷயம் என்னைக் கொஞ்சம் உறுத்துகிறது. இலக்கியத்தில் சிற்றில் வருகிற இடமெல்லாம் அது உடைபடுகிற இடமாகவே இருக்கிறது. எப்படிக் கட்டினாள், எத்தனை அறை வைத்தாள், வாசலை எந்தப் பக்கம் வைத்தாள் என்று நின்று பார்த்தவர்கள் குறைவு. உதைத்தவன் காவிய நாயகன் ஆகிவிட்டான். கொத்தனாருக்குப் பெயரே இல்லை.

தென்காசி ஊர் எதற்குப் பெயர் போனது? காசி விசுவநாதர் கோயிலுக்கு. 1446-ல் பராக்கிரம பாண்டியன் கட்டத் தொடங்கியது. மதுரை கைவிட்டுப் போன காலத்தில், தெற்கே ஒதுங்கிய பாண்டியர்கள் எழுப்பிய பெரிய கனவு அது. அந்த மன்னன் கல்வெட்டில் பாட்டாகவே ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறான். எதிர்காலத்தில் இந்தக் கோயிலைப் பழுது நேராமல் காப்பவர் யாரோ, அவர் காலில் விழுந்து வணங்குகிறேன் என்கிறான். ஒரு ராஜா, இன்னும் பிறக்காத மனிதர்கள் காலில் விழுகிறான். படித்தால் ஒரு நிமிஷம் தொண்டை அடைக்கும். அவன் பயந்த மாதிரியே ராஜகோபுரம் பின்னாளில் சிதைந்து, பல தலைமுறைக்குப் பிளந்தபடி நின்றது. மொட்டைக் கோபுரம் என்றே ஜனங்கள் சொன்னார்கள். அப்புறம் ஊர் கூடி ஒன்பது நிலையோடு திரும்ப எழுப்பி, 1990-ல் கும்பாபிஷேகம் செய்தார்கள். இன்றைக்குக் குற்றாலம் ரோட்டில் வரும்போதே தெரிகிறதே, அந்தக் கோபுரம்தான்.

கல்லில் கட்டியவனுக்கு அவ்வளவு கவலை. அதே ஊரில் மண்ணில் கட்டுகிறவள் யார் காலிலும் விழவில்லை. அவள் வீடு தை மாதத்தோடு கரைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். நான் படித்தது பி.காம். என் பாஷையில் சொன்னால், ஒரே வருடத்தில் நூறு சதவிகிதம் தேய்மானம், அடுத்த வருடக் கணக்கில் பூஜ்யம். ஆனாலும் அடுத்த மார்கழியில் வீடு திரும்ப வந்துவிடுகிறது. எந்தப் பேலன்ஸ் ஷீட்டிலும் இதைக் காட்ட வழியில்லை.

பேலன்ஸ் ஷீட் என்றதும் இன்னொரு கணக்கு ஞாபகம் வருகிறது. அது அவ்வளவு வேடிக்கையானது இல்லை.

சிறுவீடு அவளுக்குச் சொந்தம். பெரிய வீடு?

அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம் சொன்னது. பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே சட்டத்துக்குள் 23-வது பிரிவு என்று ஒன்றை வைத்தார்கள். குடும்பம் குடியிருக்கும் வீடு என்றால், அண்ணன் தம்பிகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ள முன்வருகிற வரை மகள் பாகம் கேட்க முடியாது. தங்கிக்கொள்ளலாம். அதுவும் கல்யாணம் ஆகாதவளாக, கணவனால் கைவிடப்பட்டவளாக, அவனைப் பிரிந்தவளாக, அல்லது விதவையாக இருந்தால் மட்டும். கல்யாணமாகி நன்றாக வாழ்கிறவளுக்கு அவள் பிறந்த வீட்டில் தங்கும் உரிமைகூடச் சட்டப்படி இல்லை. விருந்தாளியாக வரலாம்.

எந்த முற்றத்தில் சின்ன வயதில் வீடு கட்டினாளோ, அந்த முற்றத்தைப் பற்றித்தான் இந்தப் பிரிவு பேசுகிறது.

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். அது சட்டமாக அறுபது வருடம் ஆயிற்று. பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ள அதே உரிமை மகளுக்கும் உண்டு என்ற தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்தது. அதிலும் ஒரு கோடு கிழித்தார்கள்: அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்குக் கிடையாது. ஒரே வீட்டில், ஒரே முற்றத்தில் சிறுவீடு கட்டிய அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு! 2005 செப்டம்பர் 9-ல் மத்திய அரசின் திருத்தம் வந்தது. அதில்தான் அந்த 23-வது பிரிவை எடுத்துக் கடாசினார்கள். 2005-ல் அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்று வழக்கு மேல் வழக்காகப் போய், அதெல்லாம் தேவையில்லை, பிறப்பிலேயே மகளுக்கு உரிமை வந்துவிடுகிறது என்று 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி முடித்தது.

சட்டம் முடித்துவிட்டது. குடும்பங்கள் முடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பொங்கல்படி என்று ஒன்று உண்டு. பிறந்த வீட்டிலிருந்து வருடா வருடம் பெண்ணுக்குப் போகும் சீர். பானை, பச்சரிசி, கரும்பு, மஞ்சள்குலை, காய், கிழங்கு வகை. அண்ணன்காரன் கொண்டுவந்து இறக்கிவைக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தச் சந்தோஷம் நிஜம். அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்தப் படி நின்றுவிடுமே, அண்ணன் வீட்டு வாசல் அடைத்துவிடுமே என்ற பயத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தங்கைகள் உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். வட்டி ஒழுங்காக வருகிறது. முதலை மட்டும் கேட்கக் கூடாது.

பெண்பிள்ளைகள் குட்டி வீடு கட்டுவது நம் ஊரில் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பீகாரில் தீபாவளிக்குப் பெண்பிள்ளைகள் மண்ணில் வீடு கட்டி, சின்னச் சின்ன மண்சட்டிகளில் பொரி நிரப்பி வைப்பார்கள். 'கரௌந்தா' என்று பெயர். ஜப்பானில் அகிதா மாகாணத்தில் யோகோத்தே என்று ஒரு ஊர். பனி ஆள் உயரத்துக்குக் குவியும். பிப்ரவரி நடுவில் அந்தப் பனியையே குடைந்து குகை மாதிரி வீடு செய்கிறார்கள். பெயர் கமகுரா. உள்ளே தண்ணீர்த் தெய்வத்துக்கு ஒரு மாடம், அதன்முன் பிள்ளைகள் உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவரை உள்ளே கூப்பிட்டு, சூடாக இனிப்புக் கஞ்சி மாதிரி ஒரு பானம் கொடுப்பார்கள். ஆற்றங்கரையில் நூற்றுக்கணக்கில் கையளவு பனி வீடுகள் செய்து உள்ளே விளக்கேற்றுகிறார்கள். அதைப் பார்க்க உலகம் முழுக்கவிருந்து டூரிஸ்ட் போகிறார்கள். நம் சிறுவீட்டைப் பார்க்க அடுத்த தெருவிலிருந்து ஆள் வந்தால் பெரிசு.

குற்றாலத்துக்கு டூரிஸ்ட் வராமலா? வருகிறார்கள், ஜூலையில்.

முற்றம் வைத்த வீடு குறைந்துகொண்டே போகிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு மனை விலை ஏறி, தோப்பெல்லாம் பிளாட்டாகிவிட்டது. சிமென்ட் தரையில் களிமண் குழைத்தால் வீட்டுக்காரர் முறைப்பார். மாடு இல்லாத தெருவில் சாணிக்கு எங்கே போவது? வறட்டியை பாக்கெட்டில் போட்டு ஆன்லைனில் விற்கிறார்கள், நிஜமாகத்தான். ஆனாலும் நம் பெண்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. மண் இல்லாத இடத்தில் கோலப்பொடியாலேயே தரையில் வீடு வரைந்து, அறை பிரித்து, வாசல் வைத்து, அதன் முன்னால் கேஸ் ஸ்டவ்வில் பொங்கல் வைத்துவிடுகிறார்கள். சுவர் போய்விட்டது, பிளான் மிச்சம் இருக்கிறது.

2023-ல் மார்கழி முதல் தேதி டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. முதல் கோலம் போட வேண்டிய நாள். அன்றைக்குத்தான் தென் மாவட்டங்களில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். தாமிரபரணி கரையைத் தாண்டி ஊருக்குள் வந்தது. வாசலே தண்ணீருக்குள் இருந்தது, கோலத்துக்கு எங்கே போக? மண்சுவர் வீடுகள் கரைந்து உட்கார்ந்தன. பெரியவர்கள் குடியிருந்த வீடுகள், தை மாதத்துச் சிறுவீடு மாதிரி. நாலு வாரத்தில் பொங்கல் வந்தது. வீட்டைச் சேறு வழித்துக் கழுவி முடிக்காத தெருக்களிலும் வாசலில் கோலம் விழுந்தது.

ஆற்றங்கரைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா?

குற்றால மலையில் பிறந்து, மெயின் அருவியாக விழுந்து, தென்காசி வழியாகப் போகும் ஆறு சிற்றாறு. பெயரைப் பாருங்கள், இதுவும் சின்னதுதான். சிறுவீட்டுப் பொங்கலன்று அதன் படித்துறையில் கூட்டமாக இருக்கும். மாதம் முழுக்கச் சேர்த்த பூ வறட்டியை ஒவ்வொன்றாக எடுத்து, அதன்மேல் இலைத்துண்டு வைத்து, ஒரு கவளம் பொங்கல், வெற்றிலை பாக்கு, ஒரு சூடம். சூடத்தைக் கொளுத்தித் தண்ணீரில் விட்டுக் கையால் மெல்லத் தள்ளிவிடுவார்கள். காய்ந்த வறட்டி மிதக்கும். சில அடி தூரத்திலேயே நனைந்து முழுகுவதும் உண்டு, வளைவு தாண்டிப் போவதும் உண்டு. யாருடையது அதிக தூரம் போகிறது என்று பிள்ளைகள் கரையோடு ஓடிக்கொண்டே பார்ப்பார்கள். தண்ணீர் போகும் பாதை சீவலப்பேரிக்கு. அங்கே சிற்றாறு தாமிரபரணியில் சேர்கிறது. அப்புறம் புன்னைக்காயல், கடல்.

வீட்டுக்குத் திரும்பியதும் ஆச்சி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிச் சிறுவீட்டைக் கரைத்துவிடுவாள். மண்ணை வழித்துச் செடிக்குப் போட்டுவிட்டு இடத்தைத் துடைத்து விடுவார்கள். மறுநாள் பள்ளிக்கூடம்.